சாட்சிக்குக் கொடுத்த பொருள் வீடு திரும்ப: வாசகர் கேள்வி – வழக்கறிஞர் பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே விஷயத்தைப் பற்றியவை என்பதால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். திருட்டிலோ விபத்திலோ மோசடியிலோ பாதிக்கப்பட்டவர்கள், தங்களுக்குச் சொந்தமான பொருளை வழக்குக்காகக் காவல் துறையிடம் கொடுத்துவிட்டு, பிறகு அது எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அலைகிறார்கள். குற்றம் செய்தவன் ஜாமீனில் வெளியே வந்துவிட, பறிகொடுத்தவர் மட்டும் தன் பொருளுக்காகக் காத்துக்கிடக்கும் நிலை எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளேன்.

வாசகி, காங்கேயம் வட்டம்: ஐயா, நாங்கள் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வரும் வழியில், வண்டியில் வந்த இருவர் என் தாலிக்கொடியை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இழுத்துப் பிடித்ததில் கொடியின் ஒரு துண்டு என் கையில் நின்றது. சாட்சிக்கு வேண்டும் என்று அந்தத் துண்டையும் காவல் நிலையத்தில் வாங்கிக்கொண்டார்கள். இப்போது மீதிக் கொடியும் கிடைத்துவிட்டது. ஆனால் கேஸ் முடிந்தால்தான் தருவோம் என்கிறார்கள். அதுவரை காத்திருக்கத்தான் வேண்டுமா?

காத்திருக்க வேண்டியதில்லை, அம்மா. ஆனால் நீங்கள் கேட்க வேண்டிய இடம் காவல் நிலையம் அல்ல, உங்கள் பகுதிக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம். கைப்பற்றிய பொருளைப் பற்றிக் காவல் அதிகாரி உடனடியாக நடுவருக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். அதன் பிறகு அந்தப் பொருள் யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் நடுவருடையது. நிலையத்தில் இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பெட்டியைத் திறந்து கொடியை எடுத்து உங்களிடம் நீட்ட அவரால் இயலாது. இது தெரியாமல் நிலையத்துக்கே மாதக்கணக்கில் நடந்து சலிப்பவர்கள் ஏராளம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆம் பிரிவு இதற்குத் தெளிவான காலக்கெடுவை வைத்திருக்கிறது. பொருள் நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்தப்பட்ட 14 நாட்களுக்குள் அதன் விவரப் பட்டியலை நீதிமன்றம் தயாரிக்க வேண்டும். புகைப்படமும், தேவையானால் காணொளியும் எடுக்கச் செய்ய வேண்டும். அதன் பின் 30 நாட்களுக்குள் அந்தப் பொருளை ஒப்படைப்பது முதலான உத்தரவைப் பிறப்பிக்க வேண்டும். அந்தப் பட்டியலும் படமுமே பிறகு விசாரணையில் சான்றாகப் பயன்படும் என்றும் அந்தப் பிரிவு சொல்கிறது. ஆகவே, சாட்சி கெட்டுவிடும் என்று கொடியைப் பூட்டி வைத்திருப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. உங்கள் வழக்கு அந்தத் தேதிக்கு முன்பே விசாரணையில் இருந்தது என்றால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 451ஆம் பிரிவில் மனுச் செய்ய வேண்டும். காலக்கெடு அச்சில் இருப்பதால் எல்லாம் தானாக நடந்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது. மனுப் போட்டவருக்கே பொருள் சீக்கிரம் வருகிறது.

பழைய சட்டத்திலும் இந்த உரிமை இருந்தது. 2002ஆம் ஆண்டில் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் எதிர் குஜராத் அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், கைப்பற்றிய பொருட்களைக் காவல் நிலையத்தில் 15 நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்றும், நகை போன்ற விலையுயர்ந்த பொருட்களை விரிவான மகஜர் (கைப்பற்றிய பொருளின் விவரப் பதிவு) எழுதி, படம் எடுத்து, பிணைமுறி (கேட்கும்போது கொண்டுவருவதாக எழுதித் தரும் உறுதிப் பத்திரம்) வாங்கிக்கொண்டு உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் வழிகாட்டியது. அந்த வழக்கு எப்படி வந்தது என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். காவல் நிலையத்தில் வைத்திருந்த வழக்குச் சொத்துகளை எடுத்துக்கொண்டு அவற்றுக்குப் பதிலாகப் போலிப் பொருட்களை வைத்ததாகக் காவல் துறையினர் மீதே குற்றம் சாட்டப்பட்டிருந்தது. அதனால்தான், பொருளைக் கொடுக்கும் நேரத்தில் எழுதப்படும் காகிதத்தின் மீது நான் இவ்வளவு அக்கறை காட்டுகிறேன். நேர்மையான அதிகாரிக்கும் அந்தக் காகிதமே பாதுகாப்பு.

மகஜரில் ‘மஞ்சள் நிற உலோகச் சங்கிலி ஒன்று’ என்று மட்டும் எழுதியிருந்தால், அது எந்தச் சங்கிலியாகவும் இருக்கலாம். மொத்த எடை எத்தனை கிராம், கொடியில் கோத்திருந்த குண்டு எத்தனை, காசு எத்தனை, எந்தக் கண்ணியில் ஆசாரி பற்றவைத்த தடம் இருக்கிறது, கொக்கி எந்த வகை, எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்பவையெல்லாம் எழுதப்பட வேண்டும். உங்கள் கையில் நின்ற துண்டு இங்கே மிகப் பெரிய சான்று. அதன் அறுந்த முனையும் மீட்ட கொடியின் அறுந்த முனையும் பொருந்துவதைக் காட்டிலும் நல்ல அடையாளம் வேறில்லை. அதை நீங்கள் ஆசாரியிடம் கொடுத்துச் சேர்த்துவிடாமல் அப்படியே ஒப்படைத்தது மிகவும் சரியான செயல். இரண்டு முனைகளும் தெரியும்படி, அருகில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக் கோப்பில் சேர்க்குமாறு மனுவிலேயே கேளுங்கள்.

நகை உங்களுடையதுதான் என்பதற்குக் கடை ரசீது இல்லையே என்று பலர் சோர்ந்துவிடுகிறார்கள். நம் பகுதியில் பாதி நகைகள் அம்மா வீட்டுச் சீராக வந்தவை. அவற்றுக்கு ரசீது எங்கே இருக்கும்? கல்யாணப் படத்தைக் கொடுக்கலாம். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ எப்போதாவது அடகு வைத்திருந்தால் அந்த அடகுச் சீட்டைத் தேடி எடுங்கள். அதில் நகையின் வகையும் மொத்த எடையும் நிகர எடையும் பவுன் கணக்கில் அல்லாமல் கிராமில் எழுதியிருக்கும். சமீபத்தில் வாங்கியது என்றால் ஹால்மார்க் முத்திரையோடு எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையை அந்தக் குறியீடு இல்லாமல் விற்கக் கூடாது. இதை வாசிக்கும் ஒவ்வொருவரும் இன்றே வீட்டு நகையை எடுத்து, தேவையானால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, அந்தக் குறியீட்டை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மனுவில் குற்ற எண்ணும், காவல் துறை பொருளை நீதிமன்றத்துக்கு அனுப்பிய படிவம் 95இன் விவரமும், நீதிமன்றச் சொத்துப் பதிவேட்டில் கொடுக்கப்பட்ட எண்ணும் இருந்தால் வேலை விரைவாக முடியும். உத்தரவு வந்ததும் ஒரு தொகைக்குப் பிணைமுறி எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். சில நேரம் ஜாமீன்தாரரும் தேவைப்படுவார். கொடியைக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் வழக்கு முடியும் வரை விற்பதும், உருக்கிப் புதிதாகச் செய்வதும், அடகு வைப்பதும் கூடாது. அறுந்ததைச் சேர்த்துப் போட்டுக்கொள்ள விரும்பினால் அதற்கும் அதே மனுவில் அனுமதி கேட்டுவிடுங்கள். இடையில் இப்படித் தரப்படுவது உங்கள் பொறுப்பில் ஒப்படைப்பதுதான், இறுதி முடிவு தீர்ப்பின்போது வரும்.

ஒருவேளை காவல் துறை வசம் இருக்கும்போதே பொருள் காணாமல் போனால் என்ன செய்வது என்று தாராபுரத்திலிருந்தும் ஒருவர் கேட்டிருந்தார். 1977ஆம் ஆண்டில் பசவ்வா என்ற பெண்மணியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லியிருக்கிறது. அவர் வீட்டில் திருடுபோய் மீட்கப்பட்ட நகைகள் காவல் நிலையத்தில் இருந்தபோது தொலைந்தன. உரிய கவனத்தோடு பாதுகாத்ததாக அரசு காட்ட இயலாத நிலையில், அவற்றின் மதிப்பைப் பணமாகக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கேயும் எந்த நகை, எவ்வளவு என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தாக வேண்டும்.

வாசகர், பெருந்துறை: கடைக்கு முன்னால் நடந்த விபத்துக்காக, கேமராப் பதிவு இருக்கும் டி.வி.ஆர். பெட்டியையே கழற்றிக்கொண்டு போனார்கள். ரசீது எதுவும் தரவில்லை. கடையில் கேமரா ஓடவில்லை. பெட்டியை எப்படித் திரும்பப் பெறுவது? இனிமேல் கேட்டால் கொடுக்கலாமா, கூடாதா?

கட்டாயம் கொடுக்க வேண்டும். அடிபட்டவரின் குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடைப்பது சில நேரம் உங்கள் கேமராவில் பதிவான சில நொடிகளைப் பொறுத்தே இருக்கிறது. கொடுக்கும் முறையைத்தான் மாற்ற வேண்டும்.

விபத்து நடந்தது தெரிந்த உடனேயே, யாரும் கேட்பதற்கு முன்பாக, அந்த நேரத்துப் பதிவை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். டி.வி.ஆரில் ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய நாளின் மேல் புதிய நாள் எழுதப்பட்டுவிடும். இரண்டு வாரம் கழித்துக் கேட்டு வரும்போது இல்லாமல் போகலாம். பெட்டியின் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்று கைப்பேசியோடு ஒப்பிட்டு, எத்தனை நிமிடம் வித்தியாசம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் நேரம் 20 நிமிடம் பிந்தியிருந்தது என்பது எழுதப்படாமல் போனால், குறுக்கு விசாரணையில் நல்ல சான்றையும் உடைத்துவிடுவார்கள்.

நகலாகக் கொடுப்பது என்றால், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழும் வேண்டும். அதன் முதல் பகுதியில் கருவியைப் பொறுப்பில் வைத்திருக்கும் நீங்களும், இரண்டாம் பகுதியில் தொழில்நுட்ப வல்லுநர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். பதிவுக் கோப்பிலிருந்து கணினி கணக்கிட்டுத் தரும் ஹாஷ் மதிப்பு என்ற குறியீட்டையும் அதில் எழுத வேண்டும். கோப்பில் ஒரு சிறு மாற்றம் நடந்தாலும் அந்த மதிப்பு மாறிவிடும் என்பதால், பிற்பாடு யாரும் பதிவில் கை வைக்கவில்லை என்று காட்ட உதவுவது அதுவே. சில நேரம் அசல் கருவியே வேண்டும் என்று அதிகாரி சொல்வதில் நியாயம் உண்டு. அசல் கருவியே நீதிமன்றத்தில் காட்டப்பட்டு, அதன் உரிமையாளரே கூண்டேறிச் சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவைப்படாது என்று 2020ஆம் ஆண்டில் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

அப்படி அசலைக் கொடுக்கும்போது வெறுங்கையோடு நிற்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் கடையின் பெயர், பெட்டியின் தயாரிப்பு, அதன் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண், உள்ளே இருக்கும் ஹார்டு டிஸ்க்கின் வரிசை எண், கொடுத்த தேதி, நேரம், வாங்கியவரின் பெயர், பதவி ஆகியவற்றை இரண்டு பிரதிகளாக எழுதி, ஒன்றில் கையெழுத்தும் நிலைய முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பற்றுதலையும், பட்டியல் எழுதிச் சாட்சிகள் கையெழுத்திடுவதையும் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு கூறுகிறது; அதை மரியாதையோடு நினைவூட்டலாம். உங்கள் விஷயத்தில் அந்த நேரம் கடந்துவிட்டது. இப்போதும் கெட்டுப்போகவில்லை: எந்தத் தேதியில் எந்தப் பெட்டி எடுத்துச் செல்லப்பட்டது என்று விவரித்து, ஒப்புகை கேட்டு நிலைய ஆய்வாளருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் விரைவு அஞ்சலில் கடிதம் அனுப்பி, அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு நடுவரிடம் மனுச் செய்யுங்கள். தடய அறிவியல் ஆய்வகத்தில் ஹார்டு டிஸ்க்கை முழுமையாக நகலெடுத்த பின் பெட்டியைத் தரும்படி கேட்பது நியாயமான கோரிக்கை. சில தயாரிப்புகளில் பதிவைத் திறக்க அதே பெட்டி தேவைப்படும் என்பதால், ஆய்வு முடியும் வரை இரண்டும் ஒன்றாக இருப்பது நல்லது. கடைக்கு உடனடியாகக் கேமரா தேவை என்றால் வேறு டி.வி.ஆர். வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.

வாசகர், வெள்ளகோவில்: கொறங்காட்டுப் பட்டியில் திருடுபோன எங்கள் செம்மறிகள் சந்தையில் பிடிபட்டன. நிலையத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். நாங்கள்தான் தீனி கொண்டுபோய்ப் போடுகிறோம்.

இதற்கு நீங்கள் நீண்ட நாள் காத்திருக்க வேண்டியதில்லை. எளிதில் கொண்டுசெல்லவோ வைத்துப் பாதுகாக்கவோ முடியாத சொத்தை, நீதிமன்றம் கேட்கும்போது கொண்டுவருவதாகப் பிணைமுறி எழுதி வாங்கிக்கொண்டு உரியவர் பொறுப்பில் விடக் காவல் அதிகாரிக்கே அதே நடைமுறைச் சட்டத்தின் 106ஆம் பிரிவு அதிகாரம் அளிக்கிறது. இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் மறுநாளே நடுவரிடம் செல்லுங்கள். ஆட்டின் காதில் நீங்கள் போட்ட வெட்டு அடையாளம், நிறம், பல், சினையா என்பது ஆகியவை மகஜரில் ஏறட்டும். ஒவ்வோர் ஆட்டையும் தனித்தனியாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

வாசகர், ஈரோடு: எங்கள் பூர்விக நிலத்துக்குப் போலிக் கிரயம் செய்துவிட்டார்கள் என்று புகார் கொடுத்தோம். விசாரணைக்கு எங்களுடைய அசல் கிரயப் பத்திரத்தைக் கேட்கிறார்கள். கொடுத்தால் திரும்ப வருமா என்று என் தகப்பனார் பயப்படுகிறார்.

பெரியவருடைய பயத்தில் அர்த்தம் இருக்கிறது. அசல் பத்திரம் கையில் இல்லாதவருக்கு வங்கியில் கடனும் கிடைக்காது, நிலத்தை வாங்க ஆளும் வராது.

உங்கள் பத்திரம் உண்மையானதா என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை என்றால், சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி அதைக் கொடுங்கள். அசலை நேரில் காட்டி, ஒப்பிட்டுப் பார்த்ததாக நகலின் மேல் எழுதி வாங்கிக்கொண்டு அசலை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். உங்கள் பாட்டனாரின் கையெழுத்தையோ கைரேகையையோ போலிப் பத்திரத்தில் உள்ளதோடு ஒப்பிட்டு ஆய்வு செய்ய வேண்டும் என்றால் அசல் இல்லாமல் முடியாது. அப்போது வழக்கே உங்களுக்காக நடப்பது என்பதை மனதில் வைத்து, தயங்காமல் கொடுங்கள். ஆனால் ‘பழைய பத்திரம் 1’ என்று எழுதும் ஒப்புகையை ஏற்காதீர்கள்.

பத்திரத்தின் ஒவ்வொரு தாளின் பின்புறமும் பதிவு அலுவலக முத்திரைக்குள் புத்தக எண், ஆவண எண், ஆண்டு, மொத்தம் எத்தனை தாள், இது எத்தனையாவது தாள் என்று எழுதியிருப்பார்கள். அந்த விவரமும், முத்திரைத்தாள்களின் எண்களும், ஏற்கெனவே கிழிந்த இடம், மடிப்பு, மைக்கறை ஆகியவையும் ஒப்புகையில் இருக்க வேண்டும். கொடுப்பதற்கு முன் எல்லாத் தாள்களையும் இரு பக்கமும் வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். லேமினேட் செய்யவே கூடாது. அது கையெழுத்து ஆய்வைக் கெடுத்துவிடும். ஆய்வறிக்கை வந்த பின், சான்றிட்ட நகலைக் கோப்பில் வைத்துக்கொண்டு அசலைத் தரும்படி நடுவரிடம் கேட்கலாம். தேவைப்படும்போது கொண்டுவருவேன் என்ற உறுதிமொழியின் பேரில் நீதிமன்றம் அதைப் பரிசீலிக்கும்.

ஒரு தாய், பொள்ளாச்சி: விபத்தில் இறந்த என் மகனின் செல்போன் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. வழக்கு முடிந்து தீர்ப்பும் ஆகிவிட்டது என்று சொன்னார்கள். போனைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அதில்தான் அவனுடைய படங்கள் எல்லாம் இருக்கின்றன.

அம்மா, இந்தக் கடிதத்துக்கு மட்டும் இதழ் வருவதற்கு முன்பே தனியாகப் பதில் அனுப்பியிருக்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு நாள் முக்கியம். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கும் எழுதுகிறேன்.

வழக்கு முடிந்ததும் சொத்துகளை என்ன செய்வது என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 498ஆம் பிரிவின்படி நீதிமன்றம் உத்தரவிடும். பெரும்பாலும் தீர்ப்பின் கடைசிப் பத்தியில் அது இருக்கும். மதிப்பில்லாதவை என்று கருதப்பட்ட பொருட்களை மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்று அங்கே எழுதியிருக்கலாம். கண்ணாடி உடைந்த ஒரு பழைய போன் மற்றவர்கள் பார்வையில் மதிப்பில்லாத பட்டியலில் சேர்ந்துவிடக் கூடும். ஆகவே முதலில் தீர்ப்பின் நகலுக்கு மனுச் செய்து அந்தப் பத்தியை வாசியுங்கள். கால்நடை, அழுகும் பொருள், பிணைமுறியில் கொடுத்த பொருள் தவிர மற்றவற்றில் அந்த உத்தரவைப் பொதுவாக இரண்டு மாதம் வரை நிறைவேற்றக் கூடாது என்று சட்டம் சொல்வதால், அந்த இடைவெளிக்குள் உங்கள் மனு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். அழிக்கும்படி உத்தரவாகியிருந்தால் 500ஆம் பிரிவில் மேல்முறையீடு செய்யலாம். போன் நீதிமன்றத்துக்கே வராமல் நிலையத்திலேயே தங்கியிருந்தால் 503ஆம் பிரிவில் நடுவரிடம் கேட்க வேண்டும்.

மனுவோடு வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றின் நகலை இணையுங்கள். மகன் வாங்கிய போனின் அட்டைப் பெட்டி வீட்டில் இருந்தால் அதன் மேல் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் அச்சாகியிருக்கும், அந்த எண் மகஜரில் உள்ள எண்ணோடு ஒத்துப்போனால் வேறு ஆதாரம் தேடி அலைய வேண்டாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று எழுதியிருக்கிறீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் அமர்த்தித் தர வேண்டும். வட்டச் சட்டப் பணிகள் குழுவை நேரில் அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

போன் கைக்கு வரும் நாளில் உறவுக்காரப் பிள்ளை ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடும் முன் சிம்மும் மெமரி கார்டும் உள்ளே இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் அதை அந்தத் தாளிலேயே எழுதுங்கள். நெடுநாள் கிடந்த போனின் மின்கலம் வீங்கியிருக்கலாம் என்பதால் வீட்டுக்கு வந்ததும் சார்ஜில் போட வேண்டாம். பழுது பார்க்கும் கடையில் காட்டி, மெமரி கார்டில் உள்ள படங்களை முதலில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். திறக்கும் எண் தெரியாவிட்டால் தோன்றிய எண்களையெல்லாம் போட்டுப் பார்க்காதீர்கள். சில போன்களில் பலமுறை தவறினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும். மகனின் கூகுள் கணக்கில் படங்கள் சேமிக்கப்பட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. இறந்தவரின் கணக்கில் உள்ளவற்றைக் கேட்டு நெருங்கிய உறவினர் விண்ணப்பிக்க அந்த நிறுவனத்தில் தனி வழி இருக்கிறது. போனுக்கான மனு நடக்கும்போதே இந்த விண்ணப்பத்தையும் உங்கள் சகோதரர் மகனைக் கொண்டு அனுப்பச் சொல்லுங்கள்.